ராகிக் கொல்லையில் பிள்ளைகளோடு ஜீவாமிர்தம்

மண்ணுக்கு உயிர் உண்டு என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் நம்புவது கஷ்டம், பக்கெட்டில் நுரை பொங்குவதைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள். ஜீவாமிர்தம் என்பது சாணம், கோமியத்தைப் புளிக்க வைத்து மண்ணில் ஊற்றும் இயற்கைக் கரைசல். அதற்கு 20 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், 1 லிட்டர் கோமியம், 200 கிராம் வெல்லம், 200 கிராம் கொள்ளு மாவு (தர்மபுரிப் பக்கம் கொள்ளுக்கா பஞ்சம்!), அப்புறம் மருந்தடிக்காத வரப்பு மண் ஒரு பிடி.

சாணியைப் பிள்ளைகளே கரைக்கட்டும். முதலில் மூக்கைப் பிடிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் முழங்கை வரை உள்ளே விட்டுக் கட்டியைத் தேடித் தேடி உடைப்பார்கள், அந்த மாற்றத்துக்காகவே இதைச் செய்யலாம். கையில் காயம் இருந்தால் மட்டும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவணும்.

நிழலில் வைத்துச் சாக்கால் மூடி, காலையும் மாலையும் குச்சியால் கலக்கச் சொல்லுங்கள். 48 மணி நேரத்தில் தயார், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பத்து மடங்கு தண்ணீர் கலந்து, ஈரம் இருக்கும்போது ராகிக்கு ஊற்ற வேண்டும், காய்ந்த மண்ணில் ஊற்றிப் பெரிய பலன் இல்லை.

பக்கத்தில் ஒரு பாத்தியை மட்டும் ஊற்றாமல் விடுங்கள். ஒரு மாதம் கழித்து இரண்டையும் கிளறி மண்புழுவை எண்ணி நோட்டில் எழுதட்டும். வித்தியாசம் தெரியாவிட்டால் அதையும் அப்படியே எழுதட்டும்.