லைனில் ஒன்றும் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

நான் ஃபிட்டராகச் சேர்ந்த இரண்டாவது வருடம். வாய்க்கால் தூர்வார வந்த ஜேசிபியின் பல் பட்டு, மண்ணுக்கடியில் டீசல் கொண்டுபோகும் குழாய் லைன் ஒன்று நசுங்கியிருந்தது. கசிவு இல்லை. ஆனால் நசுங்கிய இடத்தில் ஆழமான கீறல் இருந்ததால், அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் வேலை, வால்வு ஸ்டேஷனில் ஒரு ஃபிளாஞ்சை, அதாவது இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் வளையத்தை, கழற்றி டேங்கர் ஓஸை மாட்டி எண்ணெயை வடிப்பது. ஸ்பேனர் என் கையில். பம்ப் நின்று ஆறு மணி நேரம் ஆகிவிட்டது, அழுத்தம் காட்டும் கேஜில் முள் பூஜ்யத்தில் இருக்கிறது. “லைனில் ஒன்றும் இல்லை, கழற்றலாம்” என்றார் இன்ஜினீயர்.

எங்கள் ஃபோர்மேன் ஒரு மலையாளி. சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைக் கையால் தடுத்துவிட்டு, கேஜுக்கு அடியில் இருந்த சின்ன வால்வைத் திருகினார். முள் துள்ளி நாலு கிலோவில், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு நாலு கிலோ அழுத்தத்தில், போய் நின்றது. கேஜை மாற்றிய யாரோ அந்த வால்வைத் திறக்க மறந்திருக்கிறார்கள். பம்ப் நின்றால் என்ன, அடைத்த இரண்டு வால்வுகளுக்கு நடுவில் லைன் ஒரு மேட்டில் ஏறி இறங்குகிறது. எங்களைவிட ஐம்பது மீட்டர் உயரம். டீசலின் அடர்த்தி 0.83 என்று வைத்தால், அந்த உயரம் மட்டுமே நாலு கிலோ அழுத்தத்தைக் கொடுத்துவிடும்.

இந்தத் தொழிலில் முப்பது வருடம் இருந்துவிட்டேன். புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்வதெல்லாம் அந்த ஒரு முள்ளின் துள்ளலில் தொடங்குவதுதான்.

முதலில் அழுத்தம். கேஜைப் பார்த்தால் போதாது. அதன் அடி வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள், முடிந்தால் இன்னொரு கேஜை மாட்டிப் பாருங்கள், வடிகாலைத் திறந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள். ஃபிளாஞ்சைப் பிரிக்கும்போது, உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள். நட்டை முழுசாகக் கழற்ற வேண்டாம். உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் அது உங்கள் முகத்துக்கு நேராக வராமல் அந்தப் பக்கமாகப் பீய்ச்சும். அடைத்து வைத்த லைன் வெயிலில் காய்ந்தாலும் அழுத்தம் ஏறும். காலையில் பூஜ்யமாக இருந்தது மதியம் பூஜ்யமாக இருக்காது.

வால்வை அடைத்தால் மட்டும் அடைத்ததாகாது. மோட்டார் வால்வு என்றால் அதன் மின் இணைப்பையும் துண்டிக்க வேண்டும். எங்கோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினால் அது திறந்துகொள்ளும். பூட்டுப் போடுங்கள், உங்கள் பெயர் எழுதிய டேக் கட்டுங்கள், சாவியை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். பழைய வால்வு ‘பாஸ்’ ஆகும், அதாவது அடைத்த பிறகும் சொட்டுச் சொட்டாக விடும். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டு வால்வு அடைத்து, நடுவில் இருக்கும் வடிகாலைத் திறந்து வைப்பது.

கசியும் லைன் என்றால் கூடுதலாக ஒன்று. ஓட்டை எங்கே என்று கையால் தடவித் தேடாதீர்கள். அதிக அழுத்தத்தில் ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது. சில மணி நேரத்தில் விரல் வீங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய் பாய்ந்தது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நசுங்கல்தானே, கசியவில்லையே என்று விடுவதும் ஆபத்து. அமெரிக்காவில் பெல்லிங்ஹாம் என்ற ஊரில் 1994-இல் தோண்டும் இயந்திரம் பட்டுச் சேதமான பதினாறு அங்குல பெட்ரோல் லைன், 1999 ஜூன் 10 அன்று வெடித்துப் பிளந்தது. ஏறக்குறைய ஒன்பது லட்சம் லிட்டர் ஓடையில் கலந்து தீப்பிடித்தது. பத்து வயதுப் பையன்கள் இருவரும் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் இறந்தார்கள். நடுவில் உள்ளே கருவி அனுப்பிச் சோதித்தபோதே அந்த இடத்தில் பழுது இருப்பது தெரிந்திருந்தது. தோண்டிப் பார்க்கவில்லை. நசுங்கலோடு கீறலும் சேர்ந்திருந்தால், அதுவும் குழாயின் மேல்பாதியில் இருந்தால், அதை அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தபோது என்ன அழுத்தம் இருந்ததோ அதில் எண்பது சதவீதத்துக்குக் கீழே உடனே இறக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் போய் அளப்பது.

சைட்டுக்கு வண்டியில் போகும்போதே காற்றைப் பாருங்கள். ஒரு பிடி மண்ணைத் தூவினால் போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது மேலே போகாமல் வாய்க்கால் வழியே, பள்ளத்தின் வழியே தரையோடு தவழ்ந்து போகும். காற்று வீசி வரும் பக்கமாக, தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். டீசல் வண்டியில் தீப்பொறி வராது என்று சொல்பவர்கள் உண்டு. ஆவியை உறிஞ்சிய டீசல் எஞ்சின் சாவியை எடுத்த பிறகும் உறுமிக்கொண்டு ஓடும். செல்போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போடுங்கள்.

இதைவிடக் கஷ்டம் ஊர் மக்கள். கசிவு என்றதும் குடம், பக்கெட், கேன் எல்லாம் வந்துவிடும். மெக்சிகோவில் த்லாவெலில்பான் என்ற ஊரில் 2019 ஜனவரி 18 அன்று, திருட்டுத்தனமாகத் துளைத்த லைனில் பீறிட்ட பெட்ரோலைப் பிடிக்கக் கூட்டம் கூடிய இடத்தில் தீப்பிடித்து 137 பேர் செத்தார்கள். போலீஸ் வரும்வரை காத்திருக்காமல் ஊர்த் தலைவரையோ, பக்கத்து டீக்கடைக்காரரையோ பிடியுங்கள். நீங்கள் கத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள், அவர் கூப்பிட்டால் திரும்புவார்கள். டீக்கடை அடுப்பையும் அப்படியே அணைக்கச் சொல்லிவிடலாம்.

சரி, இனி குழி. ஜேசிபியை மேல்மண் எடுக்க மட்டும் விடுங்கள். குழாய்க்கு அரை மீட்டருக்குள் வந்தால் மண்வெட்டிதான். பக்கத்திலேயே ஃபைபர் கேபிள் போகும், அதையும் வெட்டிவிட்டால் கண்ட்ரோல் ரூமுக்கு லைனே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காதீர்கள். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனம் இருக்கும். நெஞ்சு வரை புதைந்தாலே மூச்சு விட முடியாது. ஆள் உயரத்துக்குப் போகிற குழி என்றால் பலகை அடித்து முட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் சரிவாக வெட்டுங்கள். இரண்டு பக்கமும் ஏணி இருக்கட்டும். நான் சொல்வது குழாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தீப்பிடித்தால் குழாயைத் தாண்டி ஓட யாருக்கும் நேரம் இருக்காது.

இறங்கும் முன் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டிக் குழியின் அடிவரை இறக்கிப் பாருங்கள். விளிம்பில் நின்று பிடித்துப் பார்த்துவிட்டு ‘ஓகே’ எழுதுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். வெல்டிங் என்றால் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும், நான் அதற்கு மேல் ஒரு புள்ளியும் விட்டுக்கொடுத்ததில்லை. கச்சா எண்ணெய் லைனாக இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடுமே என்று நினைக்காதீர்கள். நூறு பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதுதான் ஆள் விழுவார். விழுந்தவரைத் தூக்க மூச்சுக் கருவி இல்லாமல் குதித்தவர்தான் அடுத்த பிணம். காலையில் பார்த்த அளவு சாப்பாட்டுக்குப் பிறகு செல்லாது, மறுபடி பாருங்கள்.

இப்போது பலரும் மறக்கும் விஷயத்துக்கு வருகிறேன். குழாய் துருப்பிடிக்காமல் இருக்க லைன் நெடுக ஒரு மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெட்டும்போது இரண்டு முனைகளும் பிரிகிற அந்த நொடியில் அந்த மின்சாரம் இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். அங்கே தீப்பொறி. அதுவும் எண்ணெய் ஆவி வெளியே வரும் அதே இடத்தில். இரண்டு பக்கத்து ஸ்டேஷனிலும் அந்த மின்சாரத்தைக் கொடுக்கும் ரெக்டிஃபையரை நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் அதோடு விடாதீர்கள், பக்கத்தில் உயரழுத்த மின்கோபுரம் போனால் அதிலிருந்தும் லைனுக்கு மின்சாரம் ஏறும். மல்டிமீட்டரில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தொடவே கூடாது. சேட்டன் செய்வது இதுதான்: வெட்டப் போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் பூச்சைச் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை அரத்தால் தேய்ப்பார். விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். பிறகு தடித்த செப்புக் கேபிளின் இரு முனைகளையும் அங்கே இறுக்குவார். புதுத் துண்டு வைத்து வெல்டிங் முடியும்வரை அந்தக் கேபிளை யாரும் தொட முடியாது. வெட்டுவதும் கேஸ் கட்டரில் இல்லை. குழாயைச் சுற்றி மெதுவாக ஊர்ந்து, தீ இல்லாமல் அறுக்கும் கோல்டு கட்டரில்தான், அதற்கும் தண்ணீர் விட்டுக்கொண்டே.

வெட்டிய பிறகு உள்ளே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். நம்பாதீர்கள். சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய் ஆவியாகிக்கொண்டே இருக்கும். இரண்டு முனையிலும் களிமண்ணைப் பிசைந்து திணித்து அடைப்பு வைக்க வேண்டும். அதற்கு அப்பால், ஆவி வெளியேற ஒரு சின்ன வழி விட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சேரும் அழுத்தம் அடைப்பையே தள்ளிவிடும். வெல்டர் கை வைக்கும்வரையிலும், வைத்த பிறகும், ஒரு ஆள் மீட்டரோடு அங்கேயே நிற்க வேண்டும். அந்த ஆளைச் சிகரெட் வாங்க அனுப்புகிற மேஸ்திரியோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். கச்சா எண்ணெய்க் குழாயில் ஒட்டியிருக்கும் கருப்புத் துருவை உலர விடாதீர்கள், காற்றுப் பட்டு உலர்ந்தால் தானே பற்றிக்கொள்ளும். ஈரமாகவே வைத்திருங்கள்.

வெட்டாமல், ஓடுகிற லைன் மேலேயே ஸ்லீவ், அதாவது குழாயைச் சுற்றி மூடும் இரும்பு உறை, வைத்து வெல்டு செய்வதும் உண்டு. முதலில் அந்த இடத்தில் குழாய்ச் சுவரின் தடிமனை அல்ட்ராசானிக்கில் அளந்து பாருங்கள், ஒரு புள்ளியில் இல்லை, வெல்டு போகும் பாதை முழுக்க. 4.8 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் திரும்பி வந்துவிடுங்கள். உள்ளே எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தால்தான் சூடு இறங்கும், நின்றுவிட்டால் குழாய் ஓட்டையாகிவிடும். ரொம்ப வேகமாக ஓடினாலும் வெல்டு சீக்கிரம் குளிர்ந்து விரிசல் விடும். 7018 என்ற வெல்டிங் ராடை, அதைச் சூடாக வைத்திருக்கும் அடுப்பிலிருந்து எடுத்தவுடன் பயன்படுத்துங்கள். போல்ட் போட்ட கிளாம்ப் அவசரத்துக்கு மட்டும். போட்ட தேதியை எழுதி வைக்காவிட்டால் அது பத்து வருடம் அங்கேயே கிடக்கும், எனக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து லைனைத் திறக்கும்போது, வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் பூட்டை மாட்டி, முடிந்ததும் கழற்றும் பூட்டுப் பெட்டியில் இன்னும் எத்தனை பூட்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒருமுறை எங்கள் பெட்டியில் ஒரே ஒரு பூட்டு மிச்சம். ஹெல்பர் பையன் ஒருவனுடையது, ஆளைக் காணோம். கண்ட்ரோல் ரூமிலிருந்து வயர்லெஸ்ஸில் மேலும் கீழும் கத்துகிறார்கள், டேங்கில் இடமில்லை, ஏன் தாமதம் என்று. பூட்டை வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். சேட்டன் வயர்லெஸ்ஸை எடுத்து, “ஆள் வரட்டும்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நாற்பது நிமிடம் நின்றோம். பையன் வரப்பு வழியே வந்தான், எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொண்டு.