மேடைப் பேச்சை எப்படி கேக்கணும்: நாம், நாங்கள், அப்புறம் அந்த "பட்டது"

எலெக்‌ஷன் நேரத்துல ஒரு தலைவர் பேச்ச யூட்யூப்ல ரெண்டு தடவ கேளுங்க, முதல் தடவ சும்மா ரசிச்சு, ரெண்டாவது தடவ பேப்பர் பேனாவோட. முக்கியமா உங்களுக்குப் பிடிச்ச தலைவரா இருக்கட்டும், பிடிக்காதவர் பேச்சுல குத்தம் கண்டுபிடிக்க பயிற்சியே வேணாம்.

பேப்பர்ல ரெண்டு பத்தி பிரிச்சுக்கோங்க, ஒண்ணு "நாம்", இன்னொண்ணு "நாங்கள்". நாம்னா கேக்குற நீங்களும் உள்ள, நாங்கள்னா நீங்க வெளிய. ஆளுங்கட்சிக்காரர் பேசினா பாலம் கட்டினது பஸ் விட்டதெல்லாம் பெரும்பாலும் "நாங்கள்" பக்கம் சேரும், கடன் சுமை, கொஞ்ச நாள் பொறுத்துக்கணும்ங்கறதெல்லாம் வரும்போது திடீர்னு "நாம் எல்லோரும்" ஆயிடுவோம். இது எந்தக் கட்சிக்கும் தனிச் சொத்து இல்ல.

அடுத்து திட்டத்தோட பேரு. 2006ல திமுக சொன்னது இலவச கலர் டிவி, 2011ல ஜெயலலிதா வந்ததும் மிக்சி கிரைண்டர் ஃபேன் எல்லாம் "விலையில்லா" ஆச்சு, காசு வாங்காம குடுக்குறது ரெண்டும் ஒண்ணுதான், ஆனா இலவசம்னு சொன்னா வாங்குறவங்களுக்கு ஒரு கூச்சம் வருதுல்ல, அத அந்தப் பேரு துடைச்சிடுது. 2021ல "மத்திய அரசு" போய் "ஒன்றிய அரசு" வந்ததும் இதே வேலைதான். அரசியலமைப்போட முதல் பிரிவே இந்தியாவ மாநிலங்களின் ஒன்றியம்னுதான் சொல்லுது, சட்டத்துல ஒரு எழுத்து மாறல, டெல்லி நமக்கு மேல இருக்கா இல்ல மாநிலங்க சேர்ந்ததுதான் டெல்லியாங்கற நினைப்பு மட்டும் மாறுது. அதனால பேச்சுல வர்ற பேர எடுத்துட்டு எதிர்த்தரப்பு வச்ச பேரப் போட்டு வாசிங்க, கோவம் வருதா, அப்போ அந்தப் பேரு உங்ககிட்ட வேலை செஞ்சிருக்கு.

அண்ணா, அம்மா, உடன்பிறப்பே, ரத்தத்தின் ரத்தமே... சொந்தக்காரங்ககிட்ட கணக்கு கேக்க யாருக்கு வாய் வரும்? உறவ எடுத்துட்டு "முதலமைச்சர்", "வாக்காளர்"னு மாத்திப் பாருங்க, போதும்.

கடைசியா "பட்டது". இதுலதான் ரொம்ப உஷாரா இருக்கணும். 2018 மே மாசம் தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்டத்துல போலீஸ் சுட்டு 13 பேர் செத்தாங்க, இதையே "துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, 13 பேர் பலியாகினர்"னு எழுதிப் பாருங்க, செத்தவங்க இருக்காங்க, சுட்டவங்க வாக்கியத்துலயே இல்ல, உத்தரவு போட்டவங்க சுத்தமா இல்ல. அதனால பேச்சுல ஒவ்வொரு "பட்டது" வரும்போதும் பக்கத்துல "யாரால?"னு எழுதுங்க, பேச்சு முடியறதுக்குள்ள பேரு வரலன்னா வட்டம் போட்டு வைங்க, ஓட்டு கேட்டு வீட்டுக்கு வரும்போது கேக்க வேண்டியது அந்த வட்டத்தத்தான்.