கெட்டில் கிரில்: எதைப் பார்த்து வாங்குவது, சாம்பலையும் காற்றையும் எப்படிக் கையாள்வது

உருண்டைச் சட்டியும் மூடியுமாக இருக்கும், கரி போட்டுச் சுடும் கெட்டில் கிரில்லில் சூட்டைக் கூட்டிக் குறைக்கக் குமிழ் எதுவும் கிடையாது. உள்ளே எவ்வளவு காற்று போகிறதோ அவ்வளவு சூடு. அந்தக் காற்று நுழையும் வழியில்தான் சாம்பலும் விழுகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் பளபளப்பையும் நிறத்தையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

1952இல் அமெரிக்காவின் சிகாகோ பக்கம், வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், மிதவை செய்யும் உலோகக் கோளத்தின் பாதிகளைக் கொண்டு முதல் கெட்டில் கிரில்லைச் செய்தார். திறந்த அடுப்பில் காற்றும் புகையும் படுத்திய பாட்டுக்கு அவர் கண்ட வழி அந்த மூடி. இன்றுவரை அடிப்படை அமைப்பு அதேதான்.

1. வாங்கும்போது

நான்கைந்து பேருக்குச் சமைக்க 57 செ.மீ. (22 அங்குலம்) அளவே சரி. 47 செ.மீ. கிரில்லிலும் சுடலாம், ஆனால் ஒரு பக்கம் கரி, மறு பக்கம் கரியில்லாத இடம் என்று பிரிக்கும்போது நெருக்கடியாகிவிடும்.

கடையில் மூடியைப் போட்டுப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வேண்டாம். அப்புறம் அடியில் குனிந்து பாருங்கள். நல்ல கிரில்லில் ஒரு லீவரை அசைத்தால் உள்ளே மூன்று தகடுகள் சுழன்று சாம்பலைத் துளைகள் வழியே கீழே தள்ளும். சாம்பல் விழுவது திறந்த தட்டிலா, மூடிய வாளியிலா என்பதில்தான் விலை வித்தியாசம் வரும். காற்றடிக்கும் இடத்தில் திறந்த தட்டுச் சாம்பல் பறந்து உடம்பெல்லாம் படியும். கொஞ்சம் கூடுதல் செலவானாலும் வாளி உள்ளதையே எடுங்கள். மேல் கம்பி வலையின் ஓரம் மடங்கித் திறந்தால், சமைக்கும்போதே கரி சேர்க்கலாம்.

2. பற்றவைப்பது

பழைய சாம்பலை முழுக்கத் தள்ளிவிட்டு, மூடியில் உள்ள மேல்துளை, சட்டியின் அடியில் உள்ள கீழ்த்துளை இரண்டையும் முழுதாகத் திறங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், இறைச்சியில் வாடை ஏறும். சிம்னி ஸ்டார்ட்டர் என்ற தகர உருளையில் கரியை நிரப்பி, அடியில் காகிதத்தைக் கொளுத்தினால் 15–20 நிமிடத்தில் மேல் கரியின் ஓரம் வெளுக்கும். அப்போது ஒரு பக்கமாகக் கொட்டுங்கள். உணவு மறு பக்கம். மூடியின் துளை உணவுக்கு நேர் மேலே. அப்படி வைத்தால் சூடும் புகையும் உணவைத் தழுவி வெளியேறும்.

3. துளைகள்

சூட்டை ஆள்வது கீழ்த்துளை. மேல்துளையை முழுதாகவோ பாதிக்கு மேலோ திறந்தே வையுங்கள். அதை அடைத்தால் புகை உள்ளேயே தேங்கி, சுட்டது கசக்கும்.

கீழ்த்துளை முழுதாகத் திறந்திருந்தால் 230 டிகிரி செல்சியஸும் தாண்டும். பாதி என்றால் சுமார் 180. கால் பங்கு என்றால் 120 பக்கம். கரியின் அளவையும் வெளிக்காற்றையும் பொறுத்து இது மாறும். ஏறிய சூட்டை இறக்குவது கடினம் என்பதால், வேண்டிய சூட்டுக்கு 15 டிகிரி முன்பே துளையைக் குறுக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பத்து நிமிடமாவது பொறுங்கள். இடையில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் மேலிருந்து காற்று புகுந்து கரி மேலும் கொழுந்துவிடும்.

4. சமைக்கும்போது சாம்பல்

இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுடும்போது சூடு மெல்ல இறங்கும். உடனே கரியை அள்ளிப் போடாதீர்கள். பெரும்பாலும் கரி இருக்கும், காற்றுதான் இருக்காது: சாம்பல் துளையை அடைத்திருக்கும். லீவரை இரண்டு மூன்று முறை மெதுவாக அசைத்தால் போதும். வேகமாக அசைத்தால் சாம்பல் எழும்பி உணவில் ஒட்டும்.

பல கிரில்களில் சாம்பல் தள்ளும் அதே லீவர்தான் துளையையும் திறந்து மூடுகிறது. அசைத்த பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவராவிட்டால் சூடு எங்கோ போய்விடும். கால், அரை, முழு என்று லீவர் பக்கத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிரிக்கெட் கரி (கரித்தூளை அழுத்திச் செய்த கட்டி) மரக்கரியைவிட அதிகச் சாம்பல் விடும். அதைப் போட்டால் அடிக்கடி கவனிக்க வேண்டும்.

5. முடிந்த பிறகு

இரு துளைகளையும் அடைத்துவிட்டால் கரி தானே அணையும். மிச்சக் கரியைச் சாம்பல் உதறி அடுத்த முறை சேர்த்துக்கொள்ளலாம். சூடான சட்டியில் தண்ணீர் ஊற்றாதீர்கள், எனாமல் பூச்சு விரிசல் விடும்.

சாம்பல் நீறு பூத்த நெருப்பாக ஒரு நாளுக்கு மேலும் கனன்றுகொண்டிருக்கக்கூடும். நன்றாக ஆறியபின் மூடியுள்ள இரும்பு வாளியில் கொட்டுங்கள். பிளாஸ்டிக் தொட்டி, அட்டைப்பெட்டி பக்கமே போகக்கூடாது. வாரக்கணக்கில் உள்ளேயே விட்டால் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாகி உலோகத்தை அரிக்கும்.

கரி எரியும்போதும், அணைந்துகொண்டிருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது. மழை வந்தாலும் கிரில்லை வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் அறைக்குள்ளோ தள்ளாதீர்கள்.