நிலாவெளியில் படகேறுமுன் பழகவேண்டியவை

திருகோணமலைக்கு அருகே, நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். அந்தக் கிட்ட தூரமே ஆட்களை அசட்டையாக்கிவிடுகிறது.

லைஃப் ஜக்கெட்டை நெஞ்சளவு தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பட்டிகளை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே இழுக்க வேண்டும். காது வரை ஏறினால் அது பெரிது. கடலிலும் அப்படித்தான் ஏறி, முகத்தை மறைக்கும். பிறகு மல்லாந்து கிடந்து, நாடி (முகவாய்) தண்ணீருக்கு மேலே நிற்கிறதா பாருங்கள். பிள்ளைகளுக்குக் காலிடைப் பட்டி கட்டாயம். ஆசனத்துக்குக் கீழே அடுக்கி வைத்த ஜக்கெட் யாரையும் காப்பாற்றாது.

எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஓட்டுபவரின் உடம்பில் கொளுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால், அவர் விழுந்ததும் படகு வட்டமடித்து அவர்மேலேயே வரக்கூடும்.

பயணி வலப்பக்கம் விழுந்தால் படகையும் வலப்பக்கமே திருப்புங்கள். அப்போதுதான் படகின் பின்பக்கமும் எஞ்சினின் காற்றாடியும் அவரை விட்டு விலகும். கைபிடியால் ஓட்டும் எஞ்சினில் பிடியை இடப்பக்கம் தள்ளவேண்டும். பதற்றத்தில் பலர் மாற்றித் தள்ளுவது இங்கேதான். ஒருவர் அவரைக் கைகாட்டியபடியே இருக்கட்டும். காற்றை எதிர்கொண்டு மெதுவாக நெருங்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இங்கே தரையிலிருந்து வீசுவதால் கரையோரம் கண்ணாடிபோல் கிடக்கும். வெளியே போகப் போக அலை எழும். எஞ்சின் நின்றால் படகு ஆழ்கடலுக்குத்தான் இழுபடும். ஆகவே நங்கூரமும் நீளக் கயிறும் இல்லாத படகில் ஏறவேண்டாம். கவிழ்ந்தால் கரைக்கு நீந்தாமல் படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள்.