மொட்டைமாடியில் கீழாநெல்லி: விதையை மண் போட்டு மூடாதீர்கள்

போன வருஷம் என் மச்சானுக்கு ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. யாரோ சொன்னார்கள் என்று சிலிமரின் மாத்திரை வாங்கி வந்தவர், அட்டையில் ‘மில்க் திஸில்’ என்று பார்த்துவிட்டு, “மாப்ள, நீதான் மாடி பூரா செடி வெச்சிருக்கியே, இதையும் வளர்த்துக் குடுத்துடு” என்றார்.

ஆன்லைனில் இருபது விதை வாங்கி மார்கழியில் போட்டேன். ஏழு முளைத்தன. பச்சை இலையில் பால் சிந்தியது போல வெள்ளை வரிகள், பார்க்க அவ்வளவு அழகு, தொட்டால் முள். மாசி தாண்டியதும் மடிப்பாக்கம் வெயிலுக்கு ஒவ்வொன்றாகக் கருகிவிட்டன. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி அது, குளிரில் வளர்ந்து பூக்க வேண்டியது. சிலிமரின் இருப்பது இலையில் இல்லை, காய்ந்த விதையில், அதுவும் 1.5 முதல் 3 சதவீதம்தான். பூக்காத செடியில் விதைக்கு எங்கே போவது?

செத்த செடிகளைப் பிடுங்கும்போது அம்மாதான் பார்த்தாள். தொட்டி ஓரத்தில், யாரும் விதைக்காமல் ஒரு கீழாநெல்லி. “கல்லீரலுக்குத்தானே? இதோ நிக்குதே, இதை விட்டுட்டு வெளிநாட்டு முள்ளை வளர்க்கிறான்” என்றாள். அங்கே ஆரம்பித்தது இது.

எதற்கு வளர்க்க வேண்டும், தெருவில் கிடைக்காதா?

கிடைக்கும். காலி மனையில், சாக்கடை ஓரத்தில், ரயில் பாதை ஓரத்தில் எல்லாம் கிடைக்கும். அங்கே களைக்கொல்லி அடித்திருப்பார்கள், வண்டிப் புகை படிந்திருக்கும், நாய்கள் வேறு. பறிப்பதானால் விதைக்காக மட்டும் பறியுங்கள்.

செடி அதுதானா?

இலைக்காம்பைத் திருப்பினால் அடியில் வரிசையாகக் குட்டிக் காய்கள், அதனால் கீழாநெல்லி. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடியில் காய்க்கிற செடி இது ஒன்று மட்டும் இல்லை. தண்டு சிவந்த இன்னொரு வகை இருக்கிறது. அதன் காய் சொரசொரப்பாக, தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியதன் காய் வழவழப்பாக, சின்னக் காம்பில் தொங்கும். நகத்தால் காயை லேசாகத் தூக்கிப் பார்த்தால் காம்பு தெரிந்துவிடும்.

புத்தகத்தில் பார்த்துக் குழம்பாதீர்கள். பல பழைய நூல்களில் கீழாநெல்லிக்கு ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்று இருக்கும். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. இங்கே அந்தப் பெயரில் மூன்று வேறு செடிகளைச் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்று 1985இல் தாவரவியலாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். நமக்கு வேண்டியது ‘ஃபில்லாந்தஸ் அமாரஸ்’. பூவில் ஐந்து இதழ் இருந்தால் அமாரஸ், ஆறு இருந்தால் அதன் பங்காளி. பூ கடுகைவிடச் சின்னது, போன் கேமராவில் பெரிதாக்கித்தான் எண்ண வேண்டும். நான் முதல் தடவை நாற்பது நிமிஷம் எண்ணினேன்.

விதை எடுப்பது

காய் முற்றினால் வெடித்து விதையைத் தெறிக்கும். கையில் பிடிக்க முடியாது. காய் வெளுக்க ஆரம்பிக்கும்போதே செடியை அறுத்து, மளிகைக்கடை காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பையைக் குலுக்கினால் சரசரவென்று சத்தம் கேட்கும். ஒரு காயில் ஆறு விதை, ரவை அளவு. பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து பூஞ்சை பிடிக்கும்.

விதைப்பு (நான் சறுக்கிய இடம்)

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய எரு ஒன்று. கோகோபீட் எனக்குப் பிடிக்காது. கட்டியாக வருவதில் பலதும் உப்பு, இரண்டு தடவையாவது அலசிப் பிழிந்தால்தான் உருப்படும்.

முதல் முறை எல்லா விதைக்கும் செய்வது போலவே செய்தேன். தூவி, அரை அங்குலம் மண் போட்டு மூடி, பூவாளியில் தண்ணீர். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம், ஒரு பொட்டுப் பச்சை இல்லை. விதை சொத்தை என்று திட்டிவிட்டு, அந்த மண்ணைக் கறிவேப்பிலை டிரம் அடியில் கொட்டினேன். பத்து நாள் கழித்து ஒரு மழை. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் கொட்டிய குவியலின் மேல்பக்கம் முழுக்க கீழாநெல்லி முளை!

அந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். ரவை அளவு விதைக்குள் இருக்கிற சாப்பாடு ஆழத்திலிருந்து மண்ணைத் துளைத்து மேலே வரப் போதாது. அதனால் வெளிச்சம் பட்டால்தான் கண் விழிக்கும். களைகள் பலவற்றுக்கு இதுதான் வழக்கம், தோட்டத்தைக் கொத்தியவுடன் களை கிளம்புவது அதனால்தான்.

ஆகவே இப்போது நான் செய்வது: பார்சல் பிரியாணி வருமே, ஒளி ஊடுருவும் மூடி போட்ட டப்பா, அதன் அடியில் ஊசியால் பத்து ஓட்டை. மண்ணை நிரப்பி, கையால் அழுத்திச் சமன் செய்து, டப்பாவை ஒரு தட்டுத் தண்ணீரில் வைத்துவிடுவேன். ஈரம் கீழிருந்து ஏறி மேல்மண் கறுத்ததும் விதையைத் தூவுவேன். தனி விதை ஒரே இடத்தில் கொட்டிவிடும். ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு கைப்பிடி மணல் கலந்து, மேஜையில் வைக்கிற உப்பு டப்பாவில் போட்டுத் தூவினால் பரவலாக விழும். மேலே மண் போடாதீர்கள். உள்ளங்கையால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். மூடியைப் போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை மிதந்து ஓரத்துக்குப் போய்விடும், எப்போதும் தட்டில்தான் ஊற்ற வேண்டும். தட்டில் தண்ணீர் இருந்தால் எறும்பும் வராது. எனக்கு ஒன்பதாம் நாள் முளை வந்தது.

மூன்று வாரத்தில் நாற்றுகளைப் பிரித்து நடலாம். மீன் கடையில் தூக்கிப் போடும் தெர்மாகோல் பெட்டியைக் கழுவி எடுத்துக்கொள்கிறேன். சூடு ஏறாது, குரோ பேக்கைவிட எவ்வளவோ மேல். நாலைந்து அங்குல இடைவெளி போதும். முதல் பத்து நாள் மேலே பழைய வேட்டி. அப்புறம் தண்ணீரைத் தவிர இது ஒன்றும் கேட்காது.

எப்போது போடுவது, எப்போது அறுப்பது

ஆனி கடைசியில் விதைத்தால் புரட்டாசியில் அறுக்கலாம். சுமார் மூன்று மாதம். தள்ளிப் போட்டால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், சென்னையில் அப்புறம் துணியே காயாது, செடி எங்கே காயும்?

இலை நல்ல பச்சையாக இருக்கும்போதே அறுங்கள். 1946இல் கிருஷ்ணமூர்த்தியும், குளித்தலையில் பிறந்த வேதியியலாளர் டி.ஆர். சேஷாத்ரியும் இந்தச் செடியிலிருந்து பிரித்த ஃபில்லாந்தின் என்ற வேதிப்பொருள், அதன் கூட்டாளி ஹைப்போஃபில்லாந்தின், இரண்டும் இலையில்தான் அதிகம், தண்டில் கொஞ்சம். காயும்போது இந்தச் செடி பொலபொலவென்று இலையை உதிர்க்கும். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் மருந்து தரைக்கு, குச்சி உங்களுக்கு. நான் பழைய தலையணை உறையில் போட்டு, ஃபேன் அடியில் நிழலில் உலர்த்துகிறேன், தினம் ஒரு தடவை குலுக்கிவிட்டு. ஒரு இலையை மென்று பாருங்கள், கசக்க வேண்டும். ஃபில்லாந்தின் கசப்பு, ‘அமாரஸ்’ என்றாலே லத்தீனில் கசப்புதான். இந்த இரண்டும் தண்ணீரில் சரியாகக் கரையாதவை. கஷாயத்தில் இறங்குவது பெரும்பாலும் ஜெரானின் மாதிரியான டானின்கள், அதாவது துவர்ப்புப் பொருள்கள். அம்மா முழு இலையை அரைத்து மோரில் கலக்குகிறாள், இலை மொத்தமாக உள்ளே போகிறது.

குணம் ஆகுமா?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் சுமப்பவர்களுக்கு இதன் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தது. 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் காணாமல் போனது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து முதலிய இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் வரவில்லை. மஞ்சள்காமாலையில் ஏ வகை பெரும்பாலும் தானே சரியாகும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும், அதற்கு எந்த இலையும் உதவாது. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். மச்சானுக்கு அவருடைய மருத்துவர் சொன்னது நடைப்பயிற்சி. செடிக்குத் தண்ணீர் ஊற்ற மூன்று மாடி ஏறி வரச் சொல்லியிருக்கிறேன்.

பின்சேர்க்கை 1: பெரம்பூரிலிருந்து ஒருவர் படம் அனுப்பி, “முளைத்துவிட்டது, ஆனால் காய் மேலே இருக்கிறதே” என்று கேட்டிருந்தார். தண்டைக் கிள்ளச் சொன்னேன், பால் வந்ததாம். அது அம்மான் பச்சரிசி. கீழாநெல்லியில் பால் வராது.

பின்சேர்க்கை 2: நான் சொல்ல மறந்தது. ஒன்றிரண்டு காயை வெடிக்க விட்டுவிட்டேன். இப்போது ரோஜாத் தொட்டி, துளசி மாடம், பக்கத்து வீட்டு மணிபிளான்ட் எல்லாவற்றிலும் கீழாநெல்லி. பக்கத்து வீட்டு மாமி களை எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.