அழைக்க ஆளில்லாமல் கூட்டம் கூடுமா? அமீபாக் கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம்

முதுமலைக் காட்டு மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் சமூக அமீபாக்கள் வாழ்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து, வித்யானந்த் நஞ்சுண்டையா உள்ளிட்டோர் 2010-ல் ஆய்வு வெளியிட்டார்கள். உணவான பாக்டீரியா கிடைத்துக்கொண்டிருக்கும்வரை தனித்தனியே மேயும் இந்த உயிரிகள், பசி வந்ததும் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அதன் செறிவு கூடும் திசையில் ஊர்ந்து ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்கின்றன. அவற்றை அழைப்பது யார்? யாரும் வேண்டியதில்லை, சீராகப் பரவியிருந்த நிலை உறுதியிழந்தாலே, அதாவது அதில் எழும் ஒரு சிறு மேடு தானாக வளரத் தொடங்கினாலே, போதும் என்று 1970-ல் காட்டினார்கள் ஈவ்லின் ஃபாக்ஸ் கெல்லரும் லீ சீகலும். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் தெரிந்தால் இதை நீங்களே சரிபார்க்கலாம்.

முதல் படி: எழுத்துகள். அமீபாக்களின் சராசரி அடர்த்தி அ. அவை இலக்கின்றி அலையும் வேகம் ப, வேதிப்பொருளை நோக்கிய ஈர்ப்பு ஈ. வேதிப்பொருள் சுரக்கும் வீதம் சு, சிதையும் வீதம் சி, பரவும் வேகம் ம. குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி நடந்தவர்களுக்கு இந்த மூன்றும் மூக்குக்கே தெரியும்: மணம் எழுகிறது, காற்றில் விரிகிறது, தேய்ந்து மறைகிறது.

இரண்டாம் படி: சமநிலை. எங்கும் ஒரே அடர்த்தி என்றால் ஓடவும் ஈர்க்கவும் திசை இல்லை. சுரப்பும் சிதைவும் சமமாக வேண்டும்; ஆகவே செறிவு = சு×அ÷சி.

மூன்றாம் படிதான் உயிர்நாடி. இங்கே நிதானமாக வாருங்கள். அடர்த்தியில் அலைபோல ஒரு சிறு மேடு, உயரம் க. அதனால் செறிவிலும் ஒரு மேடு, உயரம் ச. அலை எண் எ என்போம், அலைநீளம் 2×பை÷எ. அடர்த்தி மேடு வளராமலும் கரையாமலும் நிற்கும் எல்லையைத் தேடுகிறோம். அந்த எல்லையில், செறிவு மேட்டுக்குச் சுரப்பால் வருவதும், சிதைந்தும் பரவியும் போவதும் சமம் (அலையை இருமுறை வகையிடுவதால் பரவலோடு எ² வருகிறது):

சு×க = (சி + ம×எ²)×ச

அடர்த்தி மேட்டைக் கலைப்பது ப×க, சேர்ப்பது ஈ×அ×ச (இரண்டிலும் பொதுவாக வரும் எ²-ஐ நீக்கிவிட்டேன்). சேர்ப்பது மிஞ்சினால் மேடு வளரும். இரண்டையும் இணைத்தால்:

ஈ×அ×சு > ப×(சி + ம×எ²)

இந்த மாதிரியில் மேடு ஊசலாடுவதில்லை; வளரும், அல்லது கரையும். அதனால்தான் எல்லையைக் கண்டதுமே முழு விடையும் கிடைத்துவிடுகிறது. இந்த அழகுக்காகவே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தருகிறேன்.

நான்காம் படி: எண்கள். ப, ஈ, சு, ம எல்லாம் 1; சி = 2. அ = 1 என்றால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 2-க்குக் குறையாது; எந்த மேடும் கரைந்துவிடும். அ = 3 என்றால் எ² 1-க்குக் கீழே இருக்கும் நீண்ட அலைகள் வளரும்; குறுகியவை கரையும். அடர்த்தி அதிகரித்தே ஆக வேண்டும் என்பதில்லை. பசியால் சுரப்பும் ஈர்ப்பும் கூடினாலும் இதே எல்லை தாண்டப்படும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: எ = 0 என்று போட்டுவிடுவது. அப்படிப் போட்டால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அமீபாக்களின் எண்ணிக்கை அதிகரித்தாக வேண்டும். பிறப்பும் இறப்பும் இல்லாத மாதிரியில் மொத்த எண்ணிக்கை மாறாதே! சுவர் அடைத்த, நீளம் நீ உள்ள பாத்திரத்தில் மிகச் சிறிய எ = பை÷நீ. எனவே அ = 3 ஆக இருந்தாலும், நீளம் 3.14-ஐத் தாண்டாத பாத்திரத்தில் திரட்சி தொடங்காது.

இப்போது மற்றவற்றை மாற்றாமல் ம = 2 என்று மட்டும் வைத்து, பாத்திரம் தாண்ட வேண்டிய நீளத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். 4.44 வந்தால் சரி.