அயர்னின் எண்ணும் பந்தின் தூரமும்: கோல்ஃபில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாத விடுமுறைக்குப் பாரீஸிலிருந்து வந்த என் மைத்துனர் புதிய கோல்ஃப் செட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். புதுச்சேரியை அடுத்த பாகூர் பக்கத்தில் உறவினர் ஒருவருக்குச் சவுக்கு வெட்டியபின் சும்மா கிடக்கும் நிலம் உண்டு. சென்னைக்குப் போய் ஆட முடியாத வாரங்களில், ஆள் நடமாட்டம் தொடங்குவதற்கு முன் அங்கேதான் எங்கள் பயிற்சி. மைத்துனர் ஏழாம் எண் அயர்னை, அதாவது இரும்புத் தலை கொண்ட மட்டையை, எடுத்து நான்கு பந்துகள் அடித்தார். நான்கும் என் ஏழாம் எண் பந்துகள் விழும் இடத்தைத் தாண்டி, நன்றாகவே தாண்டி விழுந்தன.

"மாமா, இந்தப் பழைய மட்டையை வைத்துக்கொண்டு ஏன் சிரமப்படுகிறீர்கள்? புதிது வாங்கிவிடுங்கள்" என்றார்.

என்னைவிடப் பத்து வயது இளையவர், தோளில் வலு இருக்கிறது என்று முதலில் எண்ணினேன். அவருடைய மட்டையை வாங்கி நானே அடித்தேன். என் பந்தும் வழக்கத்தைவிட இருபது கெஜம் தள்ளிப் போய் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் என் உடம்பிலோ வீச்சிலோ எந்த மாற்றமும் வந்திருக்க முடியாது.

அன்று மாலை இரண்டு மட்டைகளையும் முதலியார்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான லேத் பட்டறைக்கு எடுத்துப் போனோம். பட்டறைக்காரர் தண்டில் துணி சுற்றி, வைஸில் செங்குத்தாகப் பிடித்து, மட்டையின் முகத்தில் கோணமானியை ஒட்டி வைத்தார். என்னுடையது 35 டிகிரி. மைத்துனருடையது 28. பட்டறைக்காரர் இரண்டையும் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். இரண்டிலும் 7 என்றே பொறித்திருந்தது. "அப்படியானால் இந்த ஏழு எதைச் சொல்கிறது?" என்று கேட்டார். கோல்ஃப் ஆடும் ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

எண்ணை வைத்துத் தூரத்தை ஒப்பிடுவது

தண்டைச் செங்குத்தாக நிறுத்தினால், மட்டையின் முகம் எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதோ அதுதான் லாஃப்ட். பந்து எவ்வளவு உயரம் எழும்பும், எவ்வளவு சுழலும், எவ்வளவு தூரம் போகும் என்பதில் பெரும்பங்கு இந்தச் சாய்வுக்குத்தான். அடியில் பொறித்த எண், ஒரே செட்டுக்குள் வரிசையைக் காட்டுவதோடு சரி: எண் சிறிதானால் சாய்வு குறைவு. ஏழு என்றால் இத்தனை டிகிரி என்று கோல்ஃப் விதிகளில் எங்கும் கிடையாது. தயாரிப்பாளர் வைத்ததே கணக்கு.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஏழாம் எண் அயர்ன் என்றால் ஏறத்தாழ 35 டிகிரி. தேர்ந்த ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் மெல்லிய மட்டைகளில் இன்றும் 33, 34 டிகிரி இருக்கிறது. பொது ஆட்டக்காரர்களுக்காகச் செய்யப்படும் மட்டைகளில் அது 27 முதல் 30 வரை இறங்கிவிட்டது. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நான்கு டிகிரி அளவில் வித்தியாசம் இருப்பது வழக்கம். ஆகவே மைத்துனரின் ஏழு, சாய்வுக் கணக்கில், என் பழைய செட்டின் ஐந்து.

இதைக் கேட்டவுடன் "எல்லாம் ஏமாற்று வேலை, ஐந்தில் ஏழு என்று அச்சடித்து விற்கிறார்கள்" என்று சொல்வோர் உண்டு. நான் அதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். மறுநாள் என் பழைய ஐந்தையும் அவருடைய ஏழையும் மாறி மாறி அடித்துப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் போயின. ஆனால் அவருடைய ஏழு கண்ணுக்குத் தெரியும்படி உயரமாகப் போனது. புதிய மட்டைகளில் எடையைத் தலையின் அடியிலும் பின்னாலும் தள்ளி வைக்கிறார்கள், முகத்தை மெல்லியதாக்குகிறார்கள். எடை கீழே இருப்பதால் பந்து கூடுதல் கோணத்தில் எழும்புகிறது. சாய்வைக் குறைக்காமல் விட்டால் பந்து வீணாக வானத்துக்கு ஏறும். எனவே குறைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. தவறு, அந்த எண்ணைப் பார்த்து நாம் பெருமைப்படுவதிலோ மனம் சோர்வதிலோதான் இருக்கிறது.

இந்தத் தவறு பையின் மறுமுனையில் ஒரு ஓட்டையை உண்டாக்கும். ஒன்பதாம் எண்ணுக்கு அடுத்து, குறுந்தூர அடிகளுக்காக வருபவை வெட்ஜ் மட்டைகள். மைத்துனரின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, என் ஒன்பதாம் எண்ணின் சாய்வு. அடுத்து அவரிடம் இருந்தது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ். நடுவில் 13 டிகிரிக்கு ஒன்றுமே இல்லை. நூறு கெஜத்தில் ஏன் எப்போதும் தடுமாறுகிறோம் என்று அவர் பல மாதங்களாகத் தன் கைமீது பழி போட்டுக்கொண்டிருந்தார். 49 அல்லது 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் இருந்தால் தீர்ந்துவிடும் சிக்கல் அது. புதிய செட் வாங்குவோர் ஏழாம் எண்ணை அடித்துப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து வைக்கிறார்கள். பிட்சிங் வெட்ஜ் எத்தனை டிகிரி என்று முதலில் கேளுங்கள்.

சாய்வு குறையக் குறையத் தூரம் கூடும் என்று நம்புவது

எறிபொருள் 45 டிகிரியில் புறப்பட்டால் அதிக தூரம் போகும் என்று பள்ளியில் படித்தோம். அந்தக் கணக்கில் காற்று இல்லை. கோல்ஃப் பந்து காற்றைப் பிடித்துக்கொண்டு பறக்கிறது. சாய்ந்த முகம் பந்தைத் தாக்கும்போது அது பின்னோக்கிச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி பந்துக்கு மேலே காற்றழுத்தத்தைக் குறைத்து அதைத் தூக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் 45 டிகிரியை நெருங்காமலே அயர்ன் பந்து இவ்வளவு நேரம் வானத்தில் நிற்கிறது.

டிராக்மேன் ரேடார் கருவியை வைத்து அளந்து வெளியிட்ட சராசரிகள் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளான பிஜிஏ டூரில் ஆடும் ஆண்கள் ஏழாம் எண்ணை அடிக்கும்போது பந்து சுமார் 16 டிகிரியில் எழும்புகிறது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 முறை சுழல்கிறது, 172 கெஜம் பறந்து 50 டிகிரியில் இறங்குகிறது. எல்பிஜிஏ டூர் பெண்களின் பந்து 19 டிகிரியில் எழும்பி, 141 கெஜம் பறந்து, 47 டிகிரியில் இறங்குகிறது. இந்த இரண்டு வரிகளையும் நான் பலமுறை படித்திருக்கிறேன். வீச்சின் வேகம் குறைவாக இருப்பவர்கள் அதிகக் கோணத்தில் எழுப்பி, இறங்கும் கோணத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் வேகத்தில் அந்தப் பெண்களுக்கும் பின்னால்தான் இருக்கிறோம். பின்பற்ற வேண்டிய வழி அவர்களுடையது.

வேகம் போதாதவர் கையில் நான்காம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் ஒரே இடத்தில் பந்தைப் போடும். சில நாட்களில் ஐந்தே கூடுதலாகப் போகும். சாய்வு குறைந்த மட்டையில் பந்து தாழ்வாக எழும்புகிறது, சுழற்சியும் குறைகிறது, தூக்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் சீக்கிரமே இறங்கிவிடுகிறது. இப்படி இருந்தால் நான்கை வீட்டில் வைத்துவிட்டு, பந்தை எளிதில் எழுப்பும் ஹைபிரிட் மட்டைக்கு மாறுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பந்தைத் தூக்கிவிட முயல்வது

அயர்ன் ஆட்டத்தைக் கெடுக்கும் பழக்கங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன். பந்து உயர வேண்டும் என்ற கவலையில், தாக்கும் நொடியில் மணிக்கட்டை மடக்கி, சாம்பாரைக் கரண்டியில் அள்ளுவதுபோல் அள்ளுகிறோம். உயர்த்தும் வேலைக்காகத்தான் முகத்தையே சாய்த்து வைத்திருக்கிறார்கள். பந்தும் முகமும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் கை எதையும் தூக்க முடியாது. அள்ளப் பார்த்தால் மட்டை பந்துக்கு முன்பே மண்ணில் இறங்கும், அல்லது அடிவிளிம்பு பந்தின் இடுப்பில் பட்டுத் தரையோடு சீறிப் போகும். தப்பித்தவறிச் சரியாகப் பட்டாலும், கையை மடக்கியதால் சாய்வு கூடிவிடுகிறது. விசையெல்லாம் உயரத்துக்கும் சுழற்சிக்கும் போய்விட, பந்து முன்னே போக மிச்சம் குறைகிறது.

தேர்ந்தவர்கள் மட்டையைச் சற்று மேலிருந்து கீழாக, ஏழாம் எண்ணில் சுமார் நான்கு டிகிரி இறக்கத்தில், பந்தின்மீது கொண்டுவருகிறார்கள். தாக்கும்போது கைகள் பந்தைக் கடந்து முன்னே இருக்கின்றன, தண்டு இலக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் 34 டிகிரி முகம் அந்த நொடியில் இருபதைச் சற்றுத் தாண்டிய கோணத்தில்தான் பந்தைச் சந்திக்கிறது. மட்டை ஒன்றுதான் என்றாலும், பிடித்திருக்கும் கையைப் பொறுத்து அதன் சாய்வு பத்து டிகிரிக்கு மேலும் மாறலாம். பட்டறையில் அளந்த 28-ஐயும் 35-ஐயும் மட்டும் வைத்துத் தூரத்தைக் கணித்துவிட முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

இதைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு பிடி கோலமாவு எடுத்துப் போங்கள். தரையில் ஒரு முழம் நீளத்துக்கு நேர்க்கோடு இழுத்து, அதன்மேல் பந்தை வைத்து அடியுங்கள். பின் குனிந்து பாருங்கள். மட்டை மண்ணைக் கீறிய தடம் கோட்டுக்கு அந்தப் பக்கம், இலக்கை நோக்கித் தொடங்கியிருந்தால் நன்று. கோடு கலைந்து மாவு பின்பக்கம் சிதறியிருந்தால் அள்ளியிருக்கிறீர்கள். முதல் நாள் இருபது பந்துகளில் பதினான்கு முறை எனக்குக் கோடு கலைந்தது. இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் இதை மட்டுமே செய்தேன். அதே 35 டிகிரி மட்டையில் பந்து எட்டுப் பத்து கெஜம் கூடுதலாகப் போகத் தொடங்கியது. புது மட்டைக்குக் கொடுக்க வேண்டிய பணம் கையிலேயே இருக்கிறது.

விழும் இடத்தை மட்டும் பார்ப்பது

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. மாலையில் பெத்தாங்க் என்னும் பிரெஞ்சுக் குண்டு விளையாட்டு ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் குண்டைத் தாழ்வாக விட்டால் அது தரையைத் தொட்டு நெடுந்தூரம் உருளும். கைவிரல்களைக் கவிழ்த்துப் பிடித்து, பின்சுழற்சி கொடுத்து, உயரமாகப் போட்டால் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். இலக்கான சின்ன மரப்பந்துக்கு அருகில் குண்டுகள் நெருக்கமாகக் கிடந்தால் பெரியவர்கள் இரண்டாவதைத்தான் போடுவார்கள். அயர்னும் அப்படித்தான். அதன் வேலை, சொன்ன தூரத்தில் பந்தைக் கொண்டுபோய் நிறுத்துவது.

அந்தச் சவுக்கு நிலத்தில் இரண்டு ஏழுகளின் தடங்களையும் நடந்து பார்த்தோம். என் பந்து மண்ணில் ஆழமாகக் குழி போட்டு, அங்கிருந்து ஐந்தாறு அடி தள்ளிக் கிடந்தது. மைத்துனரின் பந்து பதித்த குழி நீளமாக, ஆழமில்லாமல் இருந்தது. பந்து பதினைந்து தப்படி உருண்டிருந்தது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன் காய்ந்திருந்தால், அந்தப் பதினைந்து தப்படி, பந்தைப் பின்னால் உள்ள மணற்குழிக்குள் தள்ளிவிடப் போதும். அயர்ன் பந்து 45 டிகிரிக்குக் குறையாமல் இறங்க வேண்டும் என்று மட்டை பொருத்தித் தருவோர் சொல்வது இதனால்தான். நீங்கள் குறித்து வைக்க வேண்டியவை இரண்டு: பந்து முதலில் தரையைத் தொட்ட தூரம், அங்கிருந்து உருண்ட தூரம்.

சிறியவை, ஆனால் அடிக்கடி நிகழ்பவை

மதியத்துக்கு மேல் கொண்டல் காற்று எழுந்து எதிரே வீசும்போது பலம் கொண்ட மட்டும் அடிப்பது. வேகம் கூடினால் சுழற்சியும் கூடும். எதிர்காற்றில் அந்தச் சுழற்சி பந்தை மேலேயே ஏற்றிக் கொண்டுபோய் அந்தரத்தில் நிறுத்திவிடும். ஓர் எண் அல்லது இரண்டு எண் குறைந்த அயர்னை எடுத்து, முக்கால் வீச்சில் அமைதியாக அடியுங்கள்.

கடலோரக் காற்று ஈரமானது, கனமானது, அதனால்தான் பந்து போகவில்லை என்று சொல்வது. ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது. நீராவி மூலக்கூறின் எடை 18, காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனுக்கு 28. அந்த வித்தியாசம் பந்தின் தூரத்தில் கண்டுகொள்ள முடியாத அளவு சிறியது. தொல்லை தருவது புல்லின்மேல் உள்ள பனி. முகத்துக்கும் பந்துக்கும் நடுவே நீர் புகுந்தால் சுழற்சி குறைந்து, பந்து நினைத்ததைவிட நெடுந்தூரம் போய் நிற்காமல் ஓடும். மார்கழியில் ஒவ்வொரு அடிக்கு முன்பும் முகத்தையும் அதன் பள்ளங்களையும் துணியால் துடையுங்கள்.

உதகையில் அடித்த தூரத்தைக் கணக்கில் எழுதிக்கொள்வது. அந்த ஊர் 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே கிடைத்த கூடுதல் தூரம் மலையை விட்டு இறங்கியவுடன் போய்விடும்.

சாய்வை மாற்றப் பழைய மட்டையைச் சூடாக்கி வளைக்கச் சொல்வது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். வார்ப்பில் செய்த தலை கழுத்தில் விரிசல் விடக்கூடும். அடித்து உருவாக்கிய தலையைக்கூட, அதற்கென உள்ள இயந்திரத்தில், ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வளைக்கக் கூடாது. ஒரு டிகிரி சாய்வைக் குறைத்தால் அடிப்பாகத்தின் விளிம்பும் ஒரு டிகிரி கீழே இறங்கி மண்ணைக் கொத்தத் தொடங்கும்.

இன்னொன்று, பிரான்சில் உறவினர் உள்ள வீடுகளுக்கு. அங்கே மைதானங்களில் தூரம் மீட்டரில். இங்கே கெஜத்தில். ஒரு கெஜம் 0.9144 மீட்டர், ஆக 150 மீட்டர் என்பது 164 கெஜம். ஒரு முழு எண்ணுக்கும் மேலான வித்தியாசம். என் ஏழு 140 போகிறது என்று மைத்துனர் சொன்னதை நான் மூன்று நாள் கெஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் போகும்போது பையில் ஒட்டியிருந்த அட்டையில் எண்களை அழித்துவிட்டு, ஒவ்வொரு மட்டைக்கும் எதிரே டிகிரியையும், மீட்டரையும், கெஜத்தையும் எழுதி எடுத்துப் போனார். 43-க்கும் 56-க்கும் நடுவில் ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தார்.